வாடிக்கையாளர் சேவையில் ‘நடுநிலை உச்சரிப்பு’: திருகோணமலைப் பிள்ளைகளுக்கு எதைக் கற்பிக்க வேண்டும்?

உவர்மலை ஆசிரியர் (இழையைத் தொடங்கியவர்):

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும், வளாகப் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுவோருக்கும் மாலை நேரங்களில் பேச்சு ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். கொழும்பிலுள்ள அழைப்பு நிலையங்களுக்கும், வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் வேலைகளுக்கும் அவர்களில் பலர் விண்ணப்பிக்கிறார்கள். அந்த விளம்பரங்களில் ‘நடுநிலையான உச்சரிப்பு அவசியம்’ என்ற வரியைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். ஆனால் அது என்னவென்று எங்கும் விளக்கப்பட்டிருப்பதில்லை. விளக்கம் இல்லாத இடத்தில் பிள்ளைகள் தாங்களாகவே ஒன்றைக் கற்பித்துக்கொள்கிறார்கள். நாவை உள்ளே சுருட்டி, சொற்களின் கடைசி ஒலிகளை விழுங்கி, படங்களில் கேட்ட அமெரிக்கரைப் போல் வேகமாகப் பேசுவதுதான் நடுநிலை என்று எண்ணிவிடுகிறார்கள். வகுப்பில் ஓரளவு தெளிவாகப் பேசும் பிள்ளைகூட, மாதிரி நேர்முகத் தேர்வு என்று உட்காரவைத்ததும், அதுவரை பேசிய ஆங்கிலத்தைக் கைவிட்டுவிடுகிறது.

என்னுடைய நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொலைபேசியில் பேசிப் பிழைக்கும் வேலைக்கு உச்சரிப்பு மிக முக்கியம்; அதை அலட்சியப்படுத்தச் சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஆனால் நாம் தேட வேண்டியது முதல் தடவையிலேயே விளங்கும் பேச்சை. பிறந்த ஊர் தெரியாத பேச்சைத் தேடி அலைய வேண்டியதில்லை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் கற்பித்தால், மறைக்கத் தேவையில்லாததை மறைப்பதற்காக மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, திருத்த வேண்டியதைத் திருத்தாமலே பிள்ளை நேர்முகத் தேர்வுக்குப் போய் நிற்கும். இந்தத் துறையில் வேலை செய்பவர்களும் மொழி படித்தவர்களும் உங்கள் அனுபவத்தை இங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உப்புவெளி வரவேற்புமேசை:

ஐயா, நான் உப்புவெளியில் ஒரு விடுதியின் முன்மேசையில் வேலை செய்கிறேன். எங்களுக்கு மே முதல் செப்டெம்பர் வரை காலம். கடல் அமைதியாக இருக்கும் அந்த மாதங்களில் புறாத்தீவுக்கும், திமிங்கிலம் பார்க்கவும் போவதற்காக விருந்தினர் வருவார்கள். அவர்களில் ஜேர்மனியர், பிரெஞ்சுக்காரர், ரஷ்யர் எனப் பலருக்கும் ஆங்கிலம் எங்களைப் போலவே பின்னால் படித்த மொழி. அப்படிப்பட்டவர்களிடம் அமெரிக்கச் சாயலில் வேகமாகப் பேசினால் அவர்களுக்கு விளங்குவது இன்னும் குறைகிறது. ஒவ்வொரு சொல்லையும் முழுதாகச் சொல்லி, வாக்கியத்தைச் சிறியதாக முடித்து, இடையில் சற்று நிறுத்தினால் நன்றாக விளங்கிக்கொள்கிறார்கள்.

எங்களுக்கு உண்மையில் தலையிடி கொடுப்பவை எண்கள். தொலைபேசியில் ஒருவர் அறை கேட்கிறார். வரும் திகதி பதின்மூன்றா முப்பதா என்பது காதில் விழவில்லை. ஆங்கிலத்தில் ‘தேர்ட்டீன்’ என்பதில் அழுத்தம் பின்பாதியில் விழுந்து அங்கே நெடில் வர வேண்டும். ‘தேர்ட்டி’ என்பதில் அழுத்தம் முன்பாதியில் விழுந்து பின்பாதி குறுக வேண்டும். நாங்கள் இரண்டு பாதியையும் ஒரே எடையில் சொல்லிவிடுகிறோம். கடைசியில் வரும் ‘ன்’ ஒலியோ தொலைபேசிக் கம்பியில் மங்கிப்போகிறது. இப்போது எங்கள் மேசையில் ஒரு நடைமுறை வைத்திருக்கிறோம்: எண்ணை ஒரு தடவை முழுதாகவும், பின்னர் ஒவ்வொரு இலக்கமாகவும் சொல்லி, கிழமையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘பதின்மூன்று, ஒன்று மூன்று, வியாழக்கிழமை’ என்று சொன்ன பிறகு தவறு நடக்க இடமில்லை. படகு புறப்படும் நேரத்துக்கும் இதே முறைதான். ஐந்தரை மணிப் படகைத் தவறவிட்ட விருந்தினரைச் சமாதானப்படுத்துவது இலேசான வேலை இல்லை.

மூதூரான் (கொழும்பு):

நான் மூதூரில் பிறந்து, கொழும்பில் ஓர் அழைப்பு நிலையத்தில் தரக் கண்காணிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பதிவுசெய்யப்பட்ட அழைப்புகளைக் கேட்டு மதிப்பெண் இடுவது என் வேலை. ஆகவே நிறுவனங்கள் ஏன் இந்த வரியை விளம்பரத்தில் போடுகின்றன என்பதை உள்ளே இருப்பவனாகச் சொல்கிறேன்.

ஓர் அழைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது, வாடிக்கையாளரின் பிரச்சினை முதல் அழைப்பிலேயே தீர்ந்ததா, அதே விடயத்துக்காக அவர் மீண்டும் அழைத்தாரா என்ற இந்த மூன்றையும் வைத்துத்தான் எங்கள் குழுத் தலைவர்களிடம் கணக்குக் கேட்கப்படுகிறது. உச்சரிப்பு விளங்காவிட்டால் மூன்றும் ஒன்றாகக் கெடும். கட்டணப் பட்டியலில் தவறு என்று ஏற்கனவே கோபமாக அழைக்கும் ஒருவரிடம் ‘மன்னிக்கவும், மீண்டும் சொல்லுங்கள்’ என்று இரண்டு தடவை கேட்டாலோ, அவர் நம்மிடம் இரண்டு தடவை அப்படிக் கேட்க நேர்ந்தாலோ, அழைப்பு அங்கேயே முறிந்துவிடும். இது பாகுபாடு மட்டும்தான் என்று சொல்லிக் கடந்துபோக முடியாது. பணம் கொடுக்கும் வாடிக்கையாளருக்குத் தன் கணக்கைப் பற்றி விளங்கும்படி கேட்டறிய உரிமை உண்டு.

இந்தப் பயிற்சி எங்கள் நாட்டில் தோன்றியது அல்ல. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இந்திய நகரங்களில் அழைப்பு நிலையங்கள் பெருகியபோது, ஊர்ச் சாயலை நீக்கும் வகுப்புகளும் அவற்றோடு வளர்ந்தன. 2010 அளவில் குரல்வழிச் சேவையில் பிலிப்பைன்ஸ் இந்தியாவை முந்தியதற்கும் உச்சரிப்பு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது; 1898 முதல் 1946 வரை அமெரிக்க ஆட்சியின் கீழ் இருந்த நாட்டவரின் ஆங்கிலம் அமெரிக்கக் காதுக்குப் பழகியதாக இருந்தது. எங்கள் நிலையத்துக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் பிரித்தானியாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் வருபவை. ஆதலால் அமெரிக்கச் சாயலைப் போலியாகப் பேசுவோருக்கு நான் மதிப்பெண் குறைக்கிறேன். ஆசிரியர் ஐயா சொல்வது அந்த அளவில் முற்றிலும் சரி.

தம்பலகாமத்து மகள்:

வணக்கம். இந்த இழையை வாசித்தபோது எழுதாமல் இருக்க முடியவில்லை. சில மாதங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குத் தொலைபேசி வழியாகத் தோற்றினேன். என் பெயரையும் படிப்பையும் சொல்லி முடிப்பதற்குள், ‘உங்கள் அக்சன்ட் எங்களுக்குப் பொருந்தாது’ என்று சொல்லி அழைப்பை முடித்துக்கொண்டார்கள். எந்த ஒலி பிழை, எந்தச் சொல் விளங்கவில்லை என்று அவர்கள் சொல்லியிருந்தால் நான் இன்றைக்குத் திருத்தியிருப்பேன். இலக்கணமும் எழுத்தும் எனக்கு நன்றாக வரும். எதைத் திருத்துவது என்று தெரியாமல் இருப்பதுதான் வேதனையாக இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லித் தாருங்கள்.

ஒலியியல் மாணாக்கர்:

தங்கச்சி, உங்களுக்குச் சொல்லப்பட்டது மதிப்பீடு அன்று. அதிலிருந்து எவரும் எதையும் கற்றுக்கொள்ள இயலாது. மொழியியல் படித்தவன் என்ற முறையில் இரண்டு விடயங்களைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலாவது, சாயல் இருப்பதும் விளங்காமல் இருப்பதும் வெவ்வேறு. கனடிய ஆய்வாளர்களான மன்றோவும் டேர்விங்கும் 1995 இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்குப் பிறமொழியாளரின் பேச்சைக் கேட்கவைத்து, கேட்டதை எழுதவும், சாயல் எவ்வளவு கனமாக இருக்கிறது என்று மதிப்பிடவும் சொன்னார்கள். சாயல் மிகக் கனமானது என்று மதிப்பிட்ட பேச்சையே பல வேளைகளில் ஒரு சொல்லும் தவறாமல் எழுதிக்கொடுத்தார்கள். கேட்பவரின் மனமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. 1992 இல் ரூபின் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரின் பதிவுசெய்த விரிவுரையை இரண்டு மாணவர் குழுக்களுக்குப் போட்டுக்காட்டினார். ஒரு குழுவுக்கு வெள்ளையினப் பெண்ணின் படமும், மற்றக் குழுவுக்கு ஆசியப் பெண்ணின் படமும் காட்டப்பட்டன. குரல் ஒன்றேயாயினும், ஆசிய முகத்தைப் பார்த்தவர்கள் அந்நியச் சாயல் கேட்டதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு விளங்கியதும் குறைவு. ஆகவே எவ்வளவு திருத்தினாலும் சிலருடைய காது மூடியே இருக்கும். அதை உங்கள் குறையாக எண்ண வேண்டாம்.

இரண்டாவது, திருத்த வேண்டியவை உண்மையிலேயே இருக்கின்றன. அவை எண்ணிக்கையில் கொஞ்சந்தான். வெவ்வேறு நாட்டவர் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும்போது எந்த ஒலிப் பிழைகள் பேச்சை உண்மையிலேயே முறிக்கின்றன என்று ஜெனிபர் ஜென்கின்ஸ் 2000 ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து தொகுத்தார். சொல்லின் தொடக்கத்தில் வரும் வல்லினங்களை மூச்சோடு சொல்வது, நெடிலையும் குறிலையும் பிரித்துச் சொல்வது, வாக்கியத்தில் முக்கியமான சொல்லுக்கு அழுத்தம் கொடுப்பது போன்றவை அவருடைய பட்டியலில் இருந்தன. நாம் மணிக்கணக்கில் பயிற்சி எடுக்கும், நாவைப் பல்லிடையில் வைத்துச் சொல்லும் ‘த்’ ஒலி அந்தப் பட்டியலில் இல்லை. நம்முடைய சாதாரண ‘த’ அங்கே போதும்.

தமிழ் பேசுவோர் முதலில் கவனிக்க வேண்டியது மூச்சு. தமிழில் சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ப’வை நாம் மூச்சை வெளியே தள்ளாமல் சொல்கிறோம். ஆங்கிலேயர் காதில் அது ‘பஸ்’ என்பதன் முதல் ஒலியாகவே விழுகிறது. ‘பே’ என்று பணம் கட்டச் சொன்னால் விரிகுடா என்று கேட்கிறது. ‘கார்ட்’ என்று அட்டையைச் சொன்னால் காவலாளி என்று கேட்கிறது. வாய்க்கு முன்னால் ஒரு மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். தாள் அசைந்தால் ஒலி சரி.

‘ட’வைப் பொறுத்தவரை நமக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. தமிழ்நாட்டின் பேச்சில் பல இடங்களில் ‘காற்று’ என்பது ‘காத்து’ ஆகிவிட்டது. நம்முடைய வடக்கு, கிழக்குப் பேச்சிலோ நாவின் நுனி மேற்பல்லுக்குப் பின்னுள்ள மேட்டில் தொட்டு ‘ற்ற’ இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆங்கில ‘ட்’ பிறக்கும் இடமும் அதுதான். ‘காற்று’ என்று சொல்லி, நாவை அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டு, ஆங்கிலச் சொல்லைத் தொடங்குங்கள். நாவை மேலே மடித்துச் சொல்லும் கனமான ‘ட’ தானாக விலகிவிடும். நம்முடைய ஊர்ப் பேச்சே இங்கே நமக்குக் கைகொடுக்கிறது.

மூதூரான் (கொழும்பு):

மாணாக்கர் சொன்னதோடு தொலைபேசியின் இயல்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பழைய தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3400 ஹேர்ட்ஸ் வரையிலான ஒலிகளையே கடத்துகிறது. ‘ஸ்’, ‘ஃப்’ போன்ற உரசொலிகளின் பலம் பெரும்பாலும் அதற்கு மேலே இருப்பதால், எதிரே இருந்து பேசும்போது தெளிவாகக் கேட்கும் எழுத்து, தொலைபேசியில் மற்ற எழுத்தோடு கலந்துவிடும். லண்டனில் பிறந்தவர் பேசினாலும் இதே கதைதான். ஆங்கில எழுத்துகளுக்கு ‘அல்ஃபா, பிராவோ, சார்லி’ என்று சொல் வைத்துச் சொல்லும் முறை 1956 இல் விமானப் போக்குவரத்திலும் நேட்டோவிலும் நடைமுறைக்கு வந்ததும், இன்று எந்த அழைப்பு நிலையத்திலும் அதை மனப்பாடம் செய்யச் சொல்வதும் இதனால்தான்.

நம் நாட்டு வங்கி அழைப்பு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களுக்குப் பின்னால் ‘வீ’ அல்லது ‘எக்ஸ்’ என்ற எழுத்து வரும். ஆங்கிலத்தில் இதழையும் பல்லையும் சேர்த்துச் சொல்லும் ‘வீ’யையும், இதழ் குவித்துச் சொல்லும் மற்ற ‘வ’வையும் நாமும் சிங்களவரும் ஒன்றுபோலவே சொல்கிறோம். உள்நாட்டு அழைப்பில் இதனால் குழப்பம் வராது. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு இலக்கத்தையோ முன்பதிவு எண்ணையோ பதிவுசெய்யும்போது வரும். என்னிடம் வரும் பதிவுகளில், இலக்கணப் பிழையால் கெட்ட அழைப்புகளைவிட, ஒரு தனி எழுத்தால் கெட்ட அழைப்புகளே அதிகம் என்று தோன்றுகிறது.

உவர்மலை ஆசிரியர்:

தம்பலகாமத்து மகளே, மேலே எழுதப்பட்டவற்றைக் கொண்டு நீங்கள் இன்றே தொடங்கலாம். ஒரு மின்சாரப் பட்டியலை எடுத்து, அதிலுள்ள கணக்கிலக்கம், திகதி, தொகை ஆகியவற்றைக் கைப்பேசியில் ஆங்கிலத்தில் பதிவுசெய்யுங்கள். மறுநாள் பட்டியலைப் பார்க்காமல் அந்தப் பதிவைக் கேட்டு எழுதுங்கள். உங்களுக்கே எழுத முடியாத இடம் எதுவோ, அந்த இடம் வாடிக்கையாளருக்கும் விளங்காது. பிறகு பதிவை உங்களைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். இதில் கண்ணாடி தேவையில்லை, பணம் தேவையில்லை. யாருடைய சாயலையும் கடன்வாங்கவும் தேவையில்லை.

தொகைகளைச் சொல்லும்போது ‘இலட்சம்’ என்ற கணக்கை வெளிநாட்டவரிடம் பயன்படுத்தாதீர்கள். நூறாயிரம் என்று அவர்கள் முறையிலேயே சொல்லுங்கள். நாளையும் மாதத்தையும் இலக்கங்களால் மட்டும் சொல்லாமல், மாதத்தின் பெயரைச் சொல்லுங்கள். இவை உச்சரிப்பு இல்லையென்றாலும், நேர்முகத் தேர்வாளர் ‘தெளிவாகப் பேசுகிறார்’ என்று குறித்துக்கொள்வதில் இவற்றுக்குப் பெரும் பங்கு உண்டு.

கிண்ணியா வாசகர்:

எல்லோரும் வெளிநாட்டு அழைப்பைப் பற்றியே எழுதுகிறீர்கள். தமிழிலேயே அழைக்கும் எங்கள் மக்களின் நிலையையும் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

1987 இல் 13 ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரசகரும மொழியானது. இன்று பெரிய நிறுவனங்களின் உதவி இலக்கங்களை அழைத்தால் தமிழுக்கென ஓர் இலக்கத்தை அழுத்தச் சொல்வார்கள். அழுத்திய பிறகு மறுமுனையில் பேசுபவர் எந்தத் தமிழ் பேச வேண்டும்? என் உம்மா ஒரு தடவை, தொலைந்துபோன வங்கி அட்டையை நிறுத்துவதற்காக அழைத்தார். எடுத்த பிள்ளை மரியாதையாகவே பேசினார். ஆனால் அவருடைய பேச்சு மிக வேகம். சொற்களோ கடிதத்தில் எழுதும் சொற்கள். உம்மாவின் பேச்சு அவருக்கு விளங்கவில்லை. அவருடைய பேச்சு உம்மாவுக்கு விளங்கவில்லை. இரண்டு பேரும் தமிழர் மொழியைத்தான் பேசினார்கள். கடைசியில் நான் வாங்கிப் பேசி முடித்தேன். தனியாக வாழும் ஒரு முதியவருக்கு யார் வாங்கிப் பேசிக் கொடுப்பார்கள்?

யாழ்ப்பாணத்தவர், மட்டக்களப்பார், மலையகத்தவர், கிழக்கு முஸ்லிம்கள் என்று நம்மிடையே பேச்சு பலவிதம். ‘ஓம்’ என்பவரும் ‘ஆமா’ என்பவரும் அதே வரிசையில் காத்திருக்கிறார்கள். தமிழ் வரிசையில் அமர்த்தப்படுபவருக்கு உச்சரிப்புப் பயிற்சி என்று எதுவும் கொடுக்கப்படுவதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. தமிழ் தாய்மொழி என்றால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள்.

மூதூரான் (கொழும்பு):

கிண்ணியா நானா சொல்வதை மறுக்க என்னிடம் எதுவும் இல்லை. எங்கள் நிலையத்தில் ஆங்கில வரிசைக்கு வாரக்கணக்கில் பயிற்சி உண்டு. உள்நாட்டுத் தமிழ் வரிசைக்குப் பொருட்களைப் பற்றிய விளக்கம் மட்டுமே கொடுக்கப்படுகிறது. மதிப்பெண் தாளில் ஆங்கிலத்துக்கு ‘உச்சரிப்புத் தெளிவு’ என்ற கட்டம் இருக்கிறது, தமிழுக்கு இல்லை.

இடப்பெயர் விடயத்தில் இது மிகவும் ஆபத்தானது. தம்பலகாமம் சிங்களத்தில் தம்பலகமுவ, கந்தளாய் கந்தளே. கொழும்பில் வளர்ந்த ஒரு பிள்ளைக்கு முதல் பெயர் தெரியாமலும், அழைப்பவருக்கு இரண்டாவது பெயர் வாயில் வராமலும் இருக்கலாம். கட்டைபறிச்சான், ஈச்சிலம்பற்று, தோப்பூர் என்று சொல்லும்போது பக்கத்து ஊரையும் சேர்த்துச் சொல்ல வைத்துச் சரிபார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பொதியொன்றைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் சேவை என்றால் ஒரு நாள் தாமதத்தோடு முடியும். 1990 என்ற இலக்கத்துக்கு நோயாளர் காவுவண்டி கேட்டு அழைக்கும்போது, எடுப்பவருக்கும் அழைப்பவருக்கும் ஊர்ப்பெயர் முதல் தடவையே விளங்க வேண்டும்.

கன்னியா வழிப்போக்கன்:

எனக்கு இந்தப் பேச்சு முழுவதிலும் ஓர் அச்சம் இருக்கிறது. அதை மறைக்காமல் எழுதுகிறேன். உச்சரிப்பில் தொடங்கியது பெயரில் போய் முடிந்ததை நாம் பார்த்திருக்கிறோம். இந்திய அழைப்பு நிலையங்களில் இளைஞர்களுக்கு ஆங்கிலப் பெயர் சூட்டி, வேறு நகரத்தில் இருப்பதுபோல் பேச வைத்தது அனைவரும் அறிந்தது. இரவு முழுவதும் வேறொருவராக நடித்துவிட்டு விடியற்காலை வீட்டுக்கு வரும் பிள்ளையின் மனநிலையை எந்த மதிப்பெண் தாளும் அளப்பதில்லை.

இப்போது அதைக் கணினியே செய்கிறது. அமெரிக்காவில் 2020 இல் தொடங்கப்பட்ட சனாஸ் என்ற நிறுவனத்தின் மென்பொருள், முகவர் பேசும்போதே அவருடைய சாயலை மாற்றி வாடிக்கையாளருக்குக் கேட்கச் செய்கிறது. உலகின் மிகப் பெரிய அழைப்பு நிலைய நிறுவனங்களுள் ஒன்றான பிரான்ஸின் டெலிபெர்ஃபோமன்ஸ், இந்தியாவிலுள்ள தன் முகவர்களுக்கு அதைப் பயன்படுத்துவதாக 2025 இல் செய்தி வெளியானது. நாம் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் பயிற்சி கொடுப்போம். நிறுவனம் ஒரு பொத்தானை அழுத்தி அவர்களின் குரலையே மாற்றிவிடும். அப்படியானால் எதற்காக இந்த உழைப்பு?

ஒலியியல் மாணாக்கர்:

அண்ணா, உங்கள் அச்சம் நியாயமானது. பெயரை மாற்றச் சொல்வதையும் இருக்கும் நாட்டைப் பற்றிப் பொய் சொல்லச் சொல்வதையும் நான் உச்சரிப்புப் பயிற்சியோடு ஒரே தட்டில் வைக்க மாட்டேன். அவை வேறு, அவற்றை மறுக்க வேண்டும்.

மென்பொருளைப் பற்றி ஒன்று சொல்வேன். சாயலை அது மெருகிடலாம். என்ன சொல்வது, எங்கே நிறுத்துவது, எதை மீண்டும் உறுதிப்படுத்துவது என்ற தீர்மானங்களை அது எடுப்பதில்லை. உப்புவெளியில் இருப்பவர் ‘ஒன்று மூன்று, வியாழக்கிழமை’ என்று சொல்ல வைத்தாரே, அது முகவரின் தலையிலிருந்து வருவது. இன்னொன்று: மென்பொருள் பொருத்திய நிறுவனம் எதிர்முனையில் இருக்கும் வாடிக்கையாளரின் சாயலைப் பெரும்பாலும் நமக்கு மாற்றித் தருவதில்லை. கிளாஸ்கோவிலிருந்தோ குயின்ஸ்லாந்தின் உட்பகுதியிலிருந்தோ ஒருவர் பேசினால், அதைக் கேட்டு விளங்கிக்கொள்ளும் காது நம்மிடம் இருக்க வேண்டும். எந்த விளம்பரத்திலும் இதைக் கேட்பதில்லை. நல்ல முகவருக்கு உரிய தகுதிகளில் இதுவே பாதி என்று நான் கருதுகிறேன்.

உப்புவெளி வரவேற்புமேசை:

மாணாக்கர் சொன்ன இந்தக் கடைசி விடயம் எங்கள் மேசையில் அன்றாடம் காண்பது. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் பேசக் கொடுப்பதில்லை. ஒரு வாரம் பக்கத்தில் நின்று கேட்கவும், கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதவும் வைக்கிறோம். பிரெஞ்சுக்காரர் சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ஹ’வை விட்டுவிடுவார், ஜேர்மனியர் இதழ் குவித்துச் சொல்ல வேண்டிய ‘வ’வை பல்லோடு சேர்த்துச் சொல்வார். அவர்களுடைய சாயலுக்கு நாம் பொறுமையாகப் பழகுகிறோம், அவர்களும் நம்முடையதற்குப் பழகுகிறார்கள். இதுவரை எந்த விருந்தினரும் ‘உங்கள் ஆங்கிலம் திருகோணமலை ஆங்கிலமாக இருக்கிறது’ என்று முறைப்பாடு எழுதியதில்லை. நேரம் தவறாகச் சொல்லப்பட்டது என்று எழுதியிருக்கிறார்கள்.

உவர்மலை ஆசிரியர்:

கிண்ணியா வாசகர் எழுதியதை வைத்து என் பாடத்தை மாற்றப்போகிறேன். இனிமேல் என் வகுப்பில் தமிழ் அழைப்புக்கும் பயிற்சி இருக்கும். ஒரு பிள்ளை முதியவராக இருந்து அட்டையை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். மற்றப் பிள்ளை வேகத்தைக் குறைத்து, எழுத்துச் சொற்களை விட்டு, ஆனால் மரியாதை குறையாமல் பதில் சொல்ல வேண்டும். வாசகர் விரும்பினால், உம்மா வயதுடையவர்கள் இருவரையேனும் வகுப்புக்கு அழைத்து வந்து பிள்ளைகளோடு தொலைபேசியில் பேச வைக்கலாம். மூதூரான் தம்பியிடம் ஒரு வேண்டுகோள்: ஆங்கில மதிப்பெண் தாளில் உள்ள கட்டங்களை, நிறுவனத்தின் பெயரும் இரகசியமும் இல்லாமல், பொதுவாக எழுதித் தந்தால் பிள்ளைகளுக்கு உதவியாக இருக்கும்.

தம்பலகாமத்து மகள்:

எல்லோருக்கும் நன்றி. மின்சாரப் பட்டியலைப் பதிவுசெய்து பார்த்தேன். கேட்டு எழுதியபோது எழுத்துகளில் தடுமாறினேன். குறிப்பாக ‘பீ’ இரண்டும் எனக்கே ஒன்றாகக் கேட்டன. தாளைப் பிடித்துச் சொல்லும்போது இப்போது வித்தியாசம் தெரிகிறது. ஒரு சந்தேகம்: ஆங்கிலத்தின் கடைசி எழுத்தை ‘செட்’ என்பதா ‘சீ’ என்பதா? இரண்டையும் கேட்டிருக்கிறேன்.

மூதூரான் (கொழும்பு):

தங்கச்சி, பிரித்தானியாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் ‘செட்’, அமெரிக்கருக்கு ‘சீ’. ஆனால் ‘சீ’ என்றால் தொலைபேசியில் மூன்றாவது எழுத்தோடு கலந்துவிடும். ஆகவே எந்த நாட்டவராக இருந்தாலும் கூடவே ‘சூலு’ என்ற சொல்லையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். அந்தச் சொல்லின் முதல் ஒலியை ‘ஸ’ என்று வெறும் காற்றாகச் சொல்லாமல், தொண்டையில் விரலை வைத்தால் அதிர்வு தெரியும்படி சொல்ல வேண்டும். ஐயா கேட்ட கட்டங்களை வார இறுதியில் எழுதி இங்கேயே இடுகிறேன். எங்கள் பிரிவில் தமிழ் வரிசைக்கும் உச்சரிப்புக் கட்டம் ஒன்று சேர்க்க வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் கேட்கப்போகிறேன்; நானா, உம்மாவின் அழைப்பில் விளங்காமல் போன சொற்கள் நினைவிருந்தால் எனக்கு அனுப்புங்கள்.